முதுகில் வைத்த கை

"செருப்பைக் கழட்டிட்டு நடுவுல வந்து நில்லுங்க சார்" என்றாள் பெனிட்டா மேடம், பந்திக்குக் கூப்பிடுகிறவள் மாதிரி அவ்வளவு லேசாக. வார்ச்செருப்பின் பட்டையை அவிழ்க்க இரண்டு கை வேண்டும், சென்னியப்பனுடைய வலது கையோ பேண்ட் பாக்கெட்டுக்குள் முஷ்டியாக இறுகிக் கிடந்தது, அதை வெளியே எடுக்கிற உத்தேசம் இந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்தே அவனுக்கு இல்லை. குனிந்தான், இடது கையாலேயே பட்டையைப் பிய்க்கிற மாதிரி இழுத்தான், வந்துவிட்டது, அப்பாடா, ஒரு கண்டம் தாண்டியாயிற்று. நிமிர்ந்தால் எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் புத்திசாலி வைத்தானோ! புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கிற இடத்தில் கண்ணாடி எதற்கு, இருக்கிற மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல்தானே இங்கே வருகிறார்கள். கண்ணாடிக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தொந்திக்காரன் பாக்கெட்டில் கைவிட்டபடி போட்டோவுக்கு நிற்கிறவன் போல நின்றான். கொஞ்சம் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கோகிலவாணி. இருபத்தாறு வருஷமாகப் பெண்டாட்டி. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கையை அவள் முதுகில் வைக்க வேண்டும். வைத்தால் நடுங்கும், நடுங்கினால் தெரிந்துபோகும். அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் மனசு அதற்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் யோசித்துக்கொண்டேதான் இருந்தது. இத்தனை வாரமாக இந்தக் கவுன்சிலிங் மாடிக்கு வந்து உட்கார்ந்தாயிற்று. பேசுங்கள் பேசுங்கள் என்று மேடமும் தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. அவன் வாயைத் திறக்கவில்லை, கோகிலா திறந்த வாயை மூடவில்லை. போன வாரம் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாய் பேசினது போதும், இனி உடம்பு பேசட்டும். ஜோடியா டான்ஸ் ஆடுங்க. ஒருத்தர் கூட்டிட்டுப் போகணும், ஒருத்தர் நம்பிக் கூடப் போகணும், அவ்வளவுதான்" என்றபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோயமுத்தூர் கணபதியில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவன், கல்யாணத்தன்று மாலை மாற்றுவதற்கே வெட்கப்பட்டு வேர்த்து வழிந்தவன், அவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வெள்ளைக்காரன் டான்ஸாம். கோகிலா நொடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள் என்று நிச்சயமாக நம்பினான். அவள் "ஆடலாங்க மேடம்" என்றாள். அவனுடைய சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

வருகிற வழியில் காரில் வைத்துச் சொல்லியிருந்தாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற மாதிரி: "இன்னைக்கு ஒருநாள் பாப்பனுங்க. இன்னைக்கும் நீங்க கல்லாட்டம் நின்னீங்கன்னா நாளைக்கே நான் உடுமலைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவன். வக்கீலப் பாத்துப் பேசியாச்சு." அவன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிடித்தால் இந்தக் கை சொன்னபடி கேட்கும், சும்மா விட்டால்தான் ஆட்டம். வேலை கொடுத்தால் அடங்கும், ஓய்வு கொடுத்தால் ஆடும் என்று திருப்பூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். கோயமுத்தூரில் இல்லாத டாக்டரா? இருக்கிறார்கள், ஆனால் எந்த ஆஸ்பத்திரிப் படியில் ஏறினாலும் சொந்தக்காரன் ஒருத்தன் எதிரே இறங்கி வருவானே, "என்னங் மாப்ள, இந்தப் பக்கம்?" என்பானே. அதனால் திருப்பூர். அதனால் மாதாமாதம் ஒரு பொய். மாத்திரையைப் பெப்பர்மின்ட் டப்பாவில் போட்டு வைத்தான், கோகிலா டப்பாவை மட்டும் பார்த்தாள், "இந்த வயசுல வாய் மணக்கறது ஆருக்காக?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிற பெண் போன் செய்து "சார், வியாழக்கெழமை வந்துருவீங்கல்ல?" என்று கொஞ்சுகிற குரலில் கேட்டது, அந்தச் சமயம் பார்த்துப் போன் ஸ்பீக்கரில் இருந்தது, தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். போதாக்குறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான், முதுகுவலி என்று சொல்லி ஹாலில் படுத்தான், ராத்திரியில் சும்மா கிடக்கிற கை அவள் மேல் பட்டுவிட்டால் என்ன செய்வது. எல்லாம் சேர்ந்து ஒரு பொம்பளையை உண்டாக்கிவிட்டது. திருப்பூரில் அவளுக்கு வீடுகூட இருந்தது கோகிலாவின் கணக்கில். பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணி, "யாருப்பா அவ?" என்று அழுதாள். சென்னியப்பன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, பட்டறையில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். எப்பேர்ப்பட்ட அப்பன்!

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆடி நோம்பி. வருஷம் தவறாமல் பதினெட்டாம் பெருக்கன்று கொடுமுடிக்குப் போவார்கள், ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு கோகிலா படித்துறையில் உட்காருவாள், அவன் பின்னால் நின்று பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு கட்டுவான். மூன்று முடிச்சு. கூட்டம் சுற்றி நின்று பார்க்கும், அவள் காதோரம் மட்டும் சிவக்கும், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும். போன ஆடிக்கு இரண்டு நாள் முன்னால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். விரல் மரக்கட்டையாகிவிட்டது. கயிறு நழுவிக் கீழே விழுந்தது, எடுத்தான், மறுபடி விழுந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில், தாலிக்கயிறு கையிலிருந்து நழுவி அவள் மடியில் விழுகிற மாதிரி நினைத்துப் பார்த்தான். நோம்பியன்று விடியுமுன்னே எழுந்து, மில்லில் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடியே போனான். அவள் பக்கத்து வீட்டு அம்மாவோடு போய், அந்த அம்மா கையாலேயே கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இன்னொருக்கா எனக்குக் கட்டறதுக்கு உங்களுக்குப் புடிக்கலைங்களா?" சோற்றைப் பிசைகிற மாதிரி பாவனை செய்துகொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான் பாவி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாமா? எப்படிச் சொல்வது, அவளிடம் போய், எல்லாரையும் விட்டுவிட்டு அவளிடம்.

ஏனென்றால் அவளுக்கு இது புதுசு இல்லை. வேறு எவளாக இருந்தாலும் வியாதியின் பேரைச் சொல்லிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லலாம், கோகிலாவுக்கு விளக்கமே வேண்டாம், முழுப் பாடமும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவனுடைய அய்யன், பெற்ற தகப்பன், இதே நடுக்குவாதத்தில் ஏழு வருஷம் கிடந்தார். அம்மா முன்னாடியே போய்விட்டாள். மருமகள்தான் எல்லாம். அய்யனின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும், இல்லாத ஒரு மாத்திரையை உருட்டுகிற மாதிரி. சட்டைப் பித்தான் போடுவது கோகிலா, கஞ்சி ஊட்டுவது கோகிலா, வாயோரம் வழிந்ததைத் துடைப்பது கோகிலா. நடந்து வரும்போது வாசற்படியில் அய்யனுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஆள் அப்படியே சிலையாக நின்றுவிடுவார், மேலுடம்பு மட்டும் முன்னால் சாயும். மகன் போய்த் தள்ளினால் விழுந்துவிடுவார். அவள்தான் எங்கிருந்தோ ஓடிவந்து, அவர் கட்டைவிரலுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்து "தாண்டுங்க மாமா" என்பாள். என்ன மாயமோ, அவரும் தாண்டிவிடுவார். ரேடியோவில் பாட்டு ஓடினால் இன்னும் சுலபம், தாளத்துக்குக் கால் தானே வரும் என்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். ஏழு வருஷம் ஒருநாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் அய்யனின் காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த அன்று சாயங்காலம், அடுப்படியில் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கூட இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதுங்க." இந்த ஜென்மத்துக்குப் போதும். அந்த வார்த்தை முள்ளாக அவனுக்குள் நின்றுவிட்டது. திருப்பூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் காதில் விழுந்தது கோகிலாவின் குரல்தான், போதுங்க, இந்த ஜென்மத்துக்குப் போதுங்க. அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயப்பட்டிருந்தால் அவனும் மற்றவர்களைப் போல இருந்திருப்பான். அவனுடைய பயம், தெரிந்தால் போகமாட்டாளே என்பது. மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாளே. கெட்டவன் என்று நினைத்தால் திட்டிவிட்டு உடுமலைக்குப் போவாள், அண்ணன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாள், மகளைப் பார்க்கப் பெங்களூர் போவாள். போகட்டும், அதுதான் நல்லது என்று பகலெல்லாம் தைரியமாக இருப்பான். இருட்டினதும் ஹாலில் தனியாகப் படுத்துக்கொண்டு, போயிராதே அம்மிணி, போயிராதே என்று வாய்க்குள்ளேயே முனகுவான். ஒரே மனுஷன்தான் இரண்டையும் நினைத்தான், என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

"சார், உங்க இடது கையில அவங்க வலது கை. உங்க வலது கை அவங்க முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ." மேடம் பக்கத்தில் வந்து நின்றாள். வேறு வழியே இல்லை. மாத்திரை போட்டு வெகுநேரம் ஆகிவிட்டது, முன்னால் வந்த ஜோடியின் சண்டை முடியவில்லை என்று மேடம் இவர்களை வெளியே காக்க வைத்துவிட்டாள், அந்த நேரத்தில் பெப்பர்மின்ட் டப்பாவை எடுத்தால் கோகிலா பார்ப்பாள் என்று எடுக்காமல் விட்டதன் பலன், தோளிலிருந்து விரல் வரைக்கும் ஓர் ஊறல். ஒரே மூச்சில் கையை வெளியே இழுத்து, மேடம் கண்ணில் படுமுன்னே, கோகிலாவின் முதுகில் பதித்து அழுத்தினான். அழுத்தினால் அடங்கும். அடங்கியது. ரவிக்கைத் துணிக்கு அந்தப் பக்கம் அவள் உடம்பின் சூடு, மஞ்சள் வாசனை, தலையில் வைத்த ஜாதிமல்லி. எத்தனை காலமாயிற்று இவ்வளவு கிட்டத்தில் நின்று. பாட்டு ஆரம்பித்தது, வார்த்தை இல்லாத வெறும் வயலின், ஊஞ்சலில் போய்ப் போய் வருகிற மாதிரி ஒரு தாளம். மேடம் எண்ணினாள். இடது கால், வலது கால், சேர்த்து வை. அட, வருகிறதே! அவனுக்கே ஆச்சரியம், காலையில் பாத்ரூமுக்குப் போகக்கூடச் சுரண்டிச் சுரண்டி நகர்கிற கால், தாளம் கிடைத்ததும் பழைய கால் மாதிரி எழுந்தது. கோகிலாவின் கால் கூடவே பின்வாங்கியது. ஒரு சுற்று ஆனது. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. இப்படியே இந்தப் பாட்டு முடியட்டும், அங்காளம்மா, முடிந்ததும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன், உனக்குக் கெடா வெட்டுகிறேன். அப்போதுதான் மேடம் சொன்னாள். "சார், ஏன் இவ்வளவு அழுத்தறீங்க? தப்பிச்சு ஓடற ஆளைப் புடிக்கற மாதிரி. கையைச் சும்மா வையுங்க. பூவைத் தாங்கற மாதிரி." சும்மா வைப்பதா! உலகத்தில் அவனால் செய்ய முடியாத ஒரே காரியத்தை இந்தப் பெண் இவ்வளவு இனிமையாகச் சொல்கிறாளே. கேட்காத மாதிரி ஆடினான். மேடம் கிட்டே வந்து, புறங்கையை லேசாகத் தட்டி, விரல்களைத் தளர்த்தியே விட்டாள்.

ஆரம்பித்துவிட்டது. முதலில் பெருவிரல், அப்புறம் மற்றது, அப்புறம் மணிக்கட்டு, அவள் முதுகுத் தண்டின் மேலேயே தந்தி அடிக்கிற மாதிரி. கோகிலாவின் உடம்பு விறைத்ததை அவன் உள்ளங்கையால் பார்த்தான். கண்ணாடிக்குள் அவள் முகம் தெரிந்தது, இவனை நிமிர்ந்து பார்க்கவில்லை, புருவம் மட்டும் கூடியது. தெரிந்துவிட்டதா? சொல்லிவிடலாமா? இல்லை, கையை எடுத்துவிடலாம், குளிர் என்று சொல்லலாம், எங்கே குளிர், ஏசிகூடப் போடவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது. அவள் உதடு அசைந்தது, மேடத்துக்குக் கேட்காமல் அவன் நெஞ்சுக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "எதுக்கு நடுங்கறீங்க? தப்புப் பண்ணுன கை நடுங்குதா? அவளத் தொட்டுட்டு வந்து என்னையத் தொடறதுக்குக் கூசுதா?" உயிர் போய் உயிர் வந்தது அவனுக்கு. தெரியவில்லை! இன்னும் தெரியவில்லை! தலையை ஆட்டிவிடு, ஆமாம் என்று ஆட்டு, இந்த ஒரு ஆட்டலோடு எல்லாம் முடிந்தது, நாளைக்கு அவள் உடுமலையில். கழுத்து அசைய மறுத்தது. அவள் கண் நிறைந்து நின்றது, கீழே விழாமல், விழவிடமாட்டேன் என்கிற வீம்போடு. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, வகிட்டுப் பக்கம் எவ்வளவு நரைத்துவிட்டாள், கன்னம் எப்படி ஒட்டிவிட்டது, இல்லாத ஒரு பொம்பளை இவளை எந்தப் பாடு படுத்தியிருக்கிறாள். "அம்மிணி" என்றான். குரல் வெறும் காற்றாக வந்தது.

"திரும்புங்க சார், மூலை வந்துருச்சு, அப்படியே அவங்களத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மேடம். கண்ணாடி மூக்கை இடிக்கிற தூரத்தில் இருந்தது. திரும்ப வேண்டும், இடது காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் போதும். எடுத்தான். கால் வரவில்லை. மறுபடி எடுத்தான். பாதம் இரண்டையும் யாரோ தரையில் ஆணி அடித்துவிட்டார்கள். பாட்டு ஓடுகிறது, தாளம் போகிறது, இடுப்புக்கு மேலே உடம்பு தாளத்தோடு முன்னால் சாய்கிறது, கீழே அவன் மரம். அய்யன் வாசற்படியில் நின்றது இப்படித்தானா, இதுதானா அந்த இடம், உள்ளேயிருந்து பார்த்தால் இவ்வளவு தனியாகவா இருக்கும். விழப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. இவள் மேலேயே விழப்போகிறேன், கண்ணாடியும் நொறுங்கப்போகிறது. கோகிலாவின் கால் வந்தது. அவள் யோசிக்கவில்லை, யோசிப்பதற்கு நேரமே இல்லை, மெட்டி போட்ட வலது கால் தானாக வந்து அவன் கட்டைவிரலுக்கு முன்னால் குறுக்கே படுத்தது. "தாண்டுங்க மாமா" என்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவனைக் குத்திக்கொண்டிருந்த குரல் இல்லை அது, ஏழு வருஷம் வாசற்படியில் கேட்ட குரல். அவன் தாண்டினான். கால் கேட்டது, தாண்டினான், அந்தப் பக்கம் போய் நின்றான்.

அவளும் நின்றாள். மாமா என்று அவள் கூப்பிட்ட ஒரே ஆள் அய்யன்தான், புருஷனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடிக்குள் தன்னுடைய காலையே வெறித்துப் பார்த்தாள், இந்தக் கால் யாரைக் கேட்டு இதைச் செய்தது என்கிற மாதிரி. பிறகு மெதுவாக முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய், அவனுடைய வலது கையை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து விரித்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத மாத்திரையை உருட்டிக்கொண்டிருந்தன. "எத்தன நாளா?" "ரெண்டு வருசம்." "திருப்பூரு?" "டாக்டரு." "போன் பண்ணுனவ?" "அங்க டோக்கன் போடற புள்ள." "பெப்பர்மின்ட்டு?" "மாத்திரை, அம்மிணி." அதற்கப்புறம் அவள் ஆடி நோம்பியைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை, கழுத்துக் கயிற்றை மட்டும் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள், அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் நெற்றியைக் கொண்டுவந்து அவன் மார்பில் முட்டினாள். "அட பாவி மனுசா. எவளாச்சும் ஒருத்தியா இருந்திருக்கக் கூடாதா? ஒரு பொம்பளையாவே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா சாமி." அப்போதுதான் அத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த கண்ணீர் இறங்கியது, அவனுடைய வெள்ளைச் சட்டை நனைந்தது. அவன் இரண்டு வருஷமாகத் தனியாக வைத்திருந்த பயம் முழுசாக இவளிடம் போய்விட்டது, ஆனால் அவனிடமும் குறையாமல் அப்படியே இருந்தது. போதும் என்று சொன்னவள் இவள்தான். சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது, அவள் தோள் குலுங்குகிற விதத்திலேயே தெரிந்தது.

மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பாட்டை நிறுத்த ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினாள். "நிறுத்தாதீங்க மேடம்" என்றாள் கோகிலவாணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாட்டு நின்னா இவருக்குக் காலு நின்னுக்கும்." முந்தானையை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆடுகிற கையைத் திரும்ப எடுத்துப் போய், முன்பு இருந்த அதே இடத்தில், தோள்பட்டைக்குக் கீழே வைத்தாள். சென்னியப்பன் பழக்க தோஷத்தில் அழுத்தப் போனான். "சும்மா வையுங்க, ஆடட்டும்" என்றாள். அறையின் அடுத்த மூலை வந்தது, அவனுக்குப் பாதம் கனத்தது, வந்துவிட்டது மறுபடியும், வந்தேவிட்டது. "கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க." மெட்டிக் கால் குறுக்கே வந்தது. "தாண்டுங்க" என்றாள் கோகிலவாணி. இந்தத் தடவை மாமா என்று சொல்லவில்லை.